ஆர்வம் இருக்கிறது, வழி எங்கே? பதினோராம் வகுப்பின் வாசலில் கணிதத்தைக் கைவிடும் மாணவியர்

புது தில்லி: ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2022-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7-ஆம் தேதி இஸ்ரோவின் முதல் எஸ்எஸ்எல்வி ராக்கெட் விண்ணில் பாய்ந்தபோது, அதில் 'ஆசாதிசாட்' என்னும் சிறிய செயற்கைக்கோளும் இருந்தது. நாடு முழுவதும் 75 அரசுப் பள்ளிகளில் பயிலும் 750 மாணவியர் அதன் கருவிகளை உருவாக்குவதில் பங்கேற்றிருந்தனர். சென்னையைச் சேர்ந்த 'ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா' அமைப்பு அவர்களை ஒருங்கிணைத்தது. ராக்கெட் புறப்பட்டது, ஆனால் செயற்கைக்கோள்கள் உரிய சுற்றுப்பாதையைச் சென்றடையவில்லை. கோளாறு எங்கே நேர்ந்தது என்று அறிவியலாளர்கள் ஆராய்ந்தனர், திருத்தினர். ஆறு மாதங்களுக்குப் பின், 2023 பிப்ரவரி 10-ஆம் தேதி, 'ஆசாதிசாட்-2' வெற்றிகரமாகச் சுற்றுப்பாதையில் நிலைநிறுத்தப்பட்டது.

ராக்கெட் ஒன்று தவறினால் காரணம் தேடப்படுகிறது. ஆனால் பத்தாம் வகுப்பு வரை கணிதத்தில் நன்மதிப்பெண் பெற்ற ஒரு மாணவி, பதினோராம் வகுப்பில் அப்பாடத்தைக் கைவிட்டால், அதற்கு எந்த விசாரணையும் நடப்பதில்லை. 'அவளுக்கு ஆர்வமில்லை' என்ற ஒரே விளக்கத்துடன் அந்தக் கோப்பு மூடப்படுகிறது. பெண் குழந்தைகளிடம் அறிவியல், கணித ஆர்வத்தை வளர்ப்பதற்காக மத்திய, மாநில அரசுகள் பல திட்டங்களைச் செயல்படுத்தி வரும் வேளையில், இந்த விளக்கம் எந்த அளவுக்கு உண்மை என்பதைப் புள்ளிவிவரங்களின் துணையுடன் ஆராய்வது அவசியமாகிறது.

அறிவியலில் முன்னிலை, பொறியியலில் பின்னடைவு

முதலில், பொதுவாக நிலவும் ஒரு கருத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியுள்ளது. இந்தியப் பெண்கள் அறிவியலை விட்டு விலகி நிற்கவில்லை. மத்திய கல்வி அமைச்சகத்தின் உயர்கல்வி குறித்த அகில இந்திய ஆய்வின்படி, 2021-22-ஆம் கல்வியாண்டில் அறிவியல் பிரிவுகளில் பயின்றோர் 57.2 லட்சம் பேர். அவர்களில் பெண்கள் 29.8 லட்சம், ஆண்கள் 27.4 லட்சம். அதாவது, அறிவியல் வகுப்பறைகளில் பெண்களே பெரும்பான்மையினர். 

மருத்துவத்திலும் இதே போக்கு காணப்படுகிறது. 2024-ஆம் ஆண்டு நீட் தேர்வுக்கு விண்ணப்பித்த சுமார் 24 லட்சம் பேரில் 13.7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாணவியர். கடினமான நுழைவுத் தேர்வு என்பதற்காகவோ, இயற்பியலும் வேதியியலும் கேட்கப்படும் என்பதற்காகவோ அவர்கள் ஒதுங்கிவிடவில்லை.

ஆனால் கணிதம் கட்டாயமாக உள்ள பாதையில் காட்சி மாறிவிடுகிறது. பொறியியல் படிப்புகளுக்கான ஜேஇஇ முதன்மைத் தேர்வை எழுதுவோரில் மாணவியர் மூன்றில் ஒரு பங்கு அளவே உள்ளனர். இளநிலைப் பொறியியல் வகுப்புகளிலும் அவர்களது பங்கு மூன்றில் ஒன்றை எட்டவில்லை. ஆராய்ச்சி, மேம்பாட்டுப் பணிகளில் நேரடியாக ஈடுபட்டுள்ளோரில் பெண்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

இவ்விரு பாதைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பிரச்சினையின் இருப்பிடம் ஓரளவு தெளிவாகிறது. இயற்பியலும் வேதியியலும் இரண்டுக்கும் பொது. ஒன்றில் உயிரியல் சேர்கிறது, மற்றொன்றில் கணிதம் சேர்கிறது. பெண்கள் குறைவது கணிதம் சேரும் பக்கத்தில்தான். அந்தப் பிரிவு நிகழும் இடம் கல்லூரி அன்று. பதினோராம் வகுப்பின் சேர்க்கை விண்ணப்பம்.

ஒரே வீட்டில் இரு முடிவுகள்

கிராமப்புற இளைஞர்களின் கல்வி நிலை குறித்து 'அசர்' அமைப்பு 2023-ஆம் ஆண்டு 26 மாநிலங்களின் 28 மாவட்டங்களில் ஆய்வு நடத்தியது. 14 முதல் 18 வயது வரையிலானோரிடம் எடுக்கப்பட்ட அந்த ஆய்வில், பதினோராம் வகுப்பிலும் அதற்கு மேலும் பயில்வோரில் அறிவியல், தொழில்நுட்ப, கணிதப் பிரிவுகளில் சேர்ந்தவர்கள் ஆண்களில் 36.3 சதவீதமாகவும் பெண்களில் 28.1 சதவீதமாகவும் இருந்தனர். தாய்மொழியில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிப்பதில் பெண்கள் 76 சதவீதத்துடன் ஆண்களை முந்தினர். ஆண்களில் அது 70.9 சதவீதம். எண்கணிதத்திலோ ஆண்கள் முன்னிலை பெற்றனர்.

இதிலிருந்து, 'கணிதத்தில் திறன் குறைவதால்தான் பெண்கள் அதை எடுப்பதில்லை' என்ற முடிவுக்கு வருவது எளிது. ஆனால் பொருளாதார ஆய்வாளர்களான சோகம் சாஹுவும் ஸ்டீஃபன் கிளாசனும் 2021-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, அந்த எளிய முடிவை ஏற்க இடம் தரவில்லை. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஆண் பிள்ளைகளையும் பெண் பிள்ளைகளையும் அவர்கள் ஒப்பிட்டனர். மேல்நிலை வகுப்பில் அறிவியல், வணிகவியல் போன்ற தொழில்சார் பிரிவுகளில் சேரும் வாய்ப்பு, பெண் பிள்ளைகளுக்குச் சுமார் 20 சதவீதப் புள்ளிகள் குறைவாக இருந்தது. முந்தைய தேர்வு மதிப்பெண்களைக் கணக்கில் கொண்ட பிறகும் அந்த இடைவெளி பெருமளவில் நீடித்தது.

ஒரே வீடு, ஒரே வருமானம், ஒரே பெற்றோர், ஏறத்தாழ ஒரே மதிப்பெண். ஆயினும் மகனுக்கு ஒரு பாடப்பிரிவு, மகளுக்கு மற்றொன்று. இந்த முடிவு வகுப்பறையின் கரும்பலகைக்கு முன் எடுக்கப்படுவதில்லை. வீட்டுக் கூடத்தில், செலவுக் கணக்கின் நடுவே எடுக்கப்படுகிறது. அறிவியல் பிரிவுக்குத் தனிப்பயிற்சிக் கட்டணம் அதிகம். நுழைவுத் தேர்வுக்கென வெளியூர்ப் பயிற்சி மையத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அந்தச் செலவை யாருக்காகச் செய்வது என்ற கேள்வி எழும்போது, பெரும்பாலான குடும்பங்களில் விடை முன்கூட்டியே தயாராக இருக்கிறது.

எண்கணிதத்தில் காணப்படும் பின்னடைவையும் இதே வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அதே 'அசர்' ஆய்வில், திறன்பேசியைக் கையாளத் தெரிந்தவர்களில் சொந்தமாக ஒன்றை வைத்திருப்போர் ஆண்களில் 43.7 சதவீதம், பெண்களில் 19.8 சதவீதம் மட்டுமே. பள்ளிக்குப் பிறகு ஒரு கணக்கின் தீர்வைக் காணொலியில் தேடிப் பார்க்கும் வாய்ப்பு கூட இருபாலாருக்கும் சமமாக வாய்க்கவில்லை என்பதை இது காட்டுகிறது.

சட்டத்தில் இல்லாத தடை

இந்தியாவின் கல்விக் கொள்கை இவ்விஷயத்தில் ஒருபோதும் இருவேறு பாடத்திட்டங்களை ஆதரித்ததில்லை எனலாம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் வெவ்வேறு பாடங்கள் தேவையா என்ற கேள்வியை ஆராய 1960-களின் தொடக்கத்தில் ஹன்சா மேத்தா தலைமையில் குழு அமைக்கப்பட்டது. பாலின அடிப்படையில் பாடங்களைப் பிரிக்கக் கூடாது என்பது அக்குழுவின் நிலைப்பாடு. டி.எஸ். கோத்தாரி தலைமையிலான கல்விக் குழு (1964-66) அதை வழிமொழிந்தது. பள்ளிக் கல்வி முடியும் வரை அறிவியலும் கணிதமும் பொதுக் கல்வியின் பிரிக்க முடியாத பகுதியாக இருக்க வேண்டும் என 1968-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை அறிவித்தது. 2020-ஆம் ஆண்டின் கொள்கையோ, கலை, அறிவியல் என்ற இறுக்கமான பிரிவினையே தேவையில்லை என்கிறது.

எனினும் நடைமுறையில், பத்தாம் வகுப்புக்குப் பின் பாடப்பிரிவு என்னும் கதவு இறுக்கமாகவே இருந்து வருகிறது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2020-ஆம் ஆண்டு பொதுத்தேர்வு முதல் பத்தாம் வகுப்புக் கணிதத்துக்கு, இயல்பான தாள், அடிப்படைத் தாள் என இரண்டை அறிமுகப்படுத்தியது. பாடத்திட்டம் ஒன்றே; வினாத்தாளின் கடினம் மட்டும் வேறு. தேர்வு அச்சத்தைக் குறைப்பதே இதன் நோக்கம். ஆனால் அடிப்படைத் தாளை எழுதியவர் மேல்நிலையில் கணிதப் பாடத்தை எடுக்க இயலாது என்பதே தொடக்கத்தில் வகுக்கப்பட்ட விதி. பின்னர் பெருந்தொற்றுக் காலத்தில் அதில் தளர்வு அளிக்கப்பட்டது. பதினைந்து வயதில், பெரும்பாலும் பெற்றோரின் அல்லது ஆசிரியரின் அறிவுரைப்படி எடுக்கப்படும் ஒரு தேர்வு முடிவு, அடுத்த பத்தாண்டுகளின் பாதையை நிர்ணயிக்கும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

முற்காலத்தில் தடை வெளிப்படையாக இருந்தது. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சிறப்பாகத் தேர்ச்சி பெற்ற கமலா சோஹோனி, 1933-ஆம் ஆண்டு பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் சேர விண்ணப்பித்தபோது, அவர் பெண் என்பதால் அன்றைய இயக்குநர் சி.வி. ராமன் மறுத்துவிட்டார். சோஹோனி விட்டுக்கொடுக்காமல் போராடியதால், ஓராண்டுத் தகுதிகாண் காலம் உள்ளிட்ட நிபந்தனைகளுடன் அனுமதிக்கப்பட்டார். 1939-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்று, அறிவியலில் அப்பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்களில் ஒருவரானார். ராமன் விளைவு கண்டறியப்பட்ட பிப்ரவரி 28-ஆம் தேதியே தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடப்படுகிறது. 2020-ஆம் ஆண்டு அத்தினத்தின் கருப்பொருள் 'அறிவியலில் பெண்கள்' என அமைந்தது, கடந்து வந்த தொலைவைக் காட்டுகிறது.

சோஹோனி தம்மை மறுத்தவரின் அறைக்கே சென்று நியாயம் கேட்க முடிந்தது. இன்றைய மாணவிக்கு அப்படி ஓர் அறை இல்லை. அவளை யாரும் மறுக்கவில்லை; அருகிலுள்ள பள்ளியில் அறிவியல் பிரிவு இல்லை, அவ்வளவே.

தொலைவு என்னும் பாடம்

பெண் கல்வியில் தொலைவு வகிக்கும் பங்கை பீகார் மாநில அனுபவம் தெளிவாக உணர்த்தியது. ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவியருக்கு மிதிவண்டி வழங்கும் திட்டத்தை அம்மாநில அரசு 2006-ஆம் ஆண்டு தொடங்கியது. பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆகியோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இத்திட்டம் உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவியரின் விகிதத்தை 32 சதவீதம் உயர்த்தியது; ஆண், பெண் இடைவெளியை 40 சதவீதம் குறைத்தது. பள்ளி தொலைவில் இருந்த கிராமங்களில் பலன் கூடுதலாகக் கிடைத்தது. அப்பெண்களுக்குக் கல்வியின் சிறப்பைப் பற்றி எவரும் புதிதாகச் சொற்பொழிவு ஆற்றவில்லை. ஒரு மிதிவண்டி கிடைத்தது. அவர்கள் பள்ளிக்குச் சென்றனர்.

மேல்நிலையில் இத்தொலைவு இன்னும் கூடுகிறது. கலைப் பிரிவு நடத்த ஆசிரியரும் வகுப்பறையும் போதும். அறிவியல் பிரிவுக்கு இயற்பியல், வேதியியல் ஆய்வகங்களும், முதுநிலைப் பட்டம் பெற்ற பாட ஆசிரியர்களும் தேவை. எனவே கிராமப்புறங்களில் மேல்நிலைப் பள்ளி இருந்தாலும், அறிவியல் பிரிவு உள்ள பள்ளி அடுத்த ஊரிலோ வட்டத் தலைநகரிலோ இருக்கக்கூடும். மகன் பேருந்தில் சென்று வருவான். மகளுக்கு மாலை ஆறு மணிக்குப் பின் பேருந்து உண்டா என்ற கேள்வி எழுகிறது.

இக்கேள்வி கிராமங்களோடு முடிந்துவிடுவதும் இல்லை. தில்லிப் பல்கலைக்கழக மாணவியரின் கல்லூரித் தேர்வை ஆராய்ந்த பொருளாதார ஆய்வாளர் கிரிஜா போர்க்கர், பாதுகாப்பான பயணப் பாதைக்காகத் தரத்தில் குறைந்த கல்லூரியை ஏற்றுக்கொள்ளவும் மாணவியர் தயாராக இருப்பதைக் கண்டறிந்தார். தலைநகரிலேயே நிலைமை இதுவென்றால், பிற இடங்களில் 'விருப்பப் பாடம்' என்று பதிவாவதில் எவ்வளவு விருப்பம், எவ்வளவு பேருந்து அட்டவணை என்பது சிந்திக்கத்தக்கது.

திட்டங்களின் அளவுகோல்

மத்திய அறிவியல், தொழில்நுட்பத் துறை 2019-20-இல் 'விஞ்ஞான் ஜோதி' திட்டத்தைத் தொடங்கியது. ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவியருக்காக, முதலில் 50 ஜவாஹர் நவோதயா வித்யாலயா பள்ளிகளை மையமாகக் கொண்டு தொடங்கப்பட்ட இத்திட்டம், பின்னர் 200-க்கும் மேற்பட்ட மாவட்டங்களுக்கு விரிவுபடுத்தப்பட்டது. ஆய்வக வருகை, பெண் அறிவியலாளர்களுடன் சந்திப்பு, கூடுதல் பாட வகுப்புகள், மாணவியருக்கும் பெற்றோருக்கும் ஆலோசனை ஆகியவை இதில் அடங்கும். பெற்றோரையும் சேர்த்துக்கொண்டது இத்திட்டத்தின் சிறப்பான கூறு. முடிவெடுக்கும் இடம் அதுவே என்பதால்.

இதற்கு முன்பே, 2014-இல், மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 'உடான்' திட்டத்தின் மூலம் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவியருக்குப் பொறியியல் நுழைவுத் தேர்வுக்கான இலவசப் பயிற்சியை அறிமுகப்படுத்தியது. தொழில்நுட்பப் படிப்புகளில் சேரும் மாணவியருக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் 'பிரகதி' உதவித்தொகையாக ஆண்டுக்கு 50,000 ரூபாய் வழங்குகிறது.

இவற்றுள் பல, கணிதத்தை ஏற்கெனவே தேர்ந்தெடுத்துவிட்ட மாணவியருக்கானவை. பத்தாம் வகுப்பின் இறுதியில் கணிதத்தைக் கைவிட்டவரை எந்த உதவித்தொகையும் சென்றடைவதில்லை. ஆகவே, ஒரு திட்டத்தின் வெற்றியை அதில் கலந்துகொண்ட மாணவியரின் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பதைவிட, அம்மாவட்டத்தில் பதினோராம் வகுப்பில் கணிதம் எடுத்த மாணவியரின் எண்ணிக்கை கூடியதா என்பதைக் கொண்டு அளப்பதே பொருத்தமாக இருக்கும்.

கண்முன் ஒரு பெண்

முன்மாதிரிகளுக்கு ஆற்றல் இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. மேற்கு வங்கக் கிராமங்களில் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதன் விளைவை லோரி பீமன், எஸ்தர் டூஃப்லோ, ரோகிணி பாண்டே, பெட்டியா டோப்பலோவா ஆகியோர் ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டனர். இரண்டு தேர்தல்களில் தொடர்ந்து பெண் தலைவரைக் கண்ட கிராமங்களில், பிள்ளைகளின் எதிர்காலம் குறித்துப் பெற்றோர் கொண்டிருந்த எதிர்பார்ப்பில் ஆண், பெண் இடைவெளி 25 சதவீதமும், வளரிளம் பருவத்தினரின் சொந்த எதிர்பார்ப்பில் 32 சதவீதமும் குறைந்தது. ஒருமுறை வந்து உரையாற்றிச் செல்லும் விருந்தினரைக் காட்டிலும், ஆண்டுக்கணக்கில் ஊரிலேயே காணக் கிடைக்கும் பெண் ஏற்படுத்தும் மாற்றம் ஆழமானது என்பதை இவ்வாய்விலிருந்து ஊகிக்கலாம்.

ஆதித்யா எல்-1 சூரிய ஆய்வுத் திட்டத்தின் இயக்குநராகப் பணியாற்றிய நிகர் ஷாஜி, தென்காசி மாவட்டம் செங்கோட்டையில் அரசுப் பள்ளியில் பயின்றவர். சந்திரயான்-2 திட்டத்தில் எம். வனிதாவும் ரிது கரிதாலும் தலைமைப் பொறுப்புகளை வகித்தனர். கணிதத்துக்கான சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருதைத் தமிழகத்தில் பிறந்த ஆர். பரிமளா 1987-இலும், சுஜாதா ராம்துரை 2004-இலும், நீனா குப்தா 2019-இலும் பெற்றனர். இப்பெயர்கள் ஊக்கம் தருபவை. ஆனால் ஒரு கிராமத்து மாணவிக்கு நாள்தோறும் காணக் கிடைக்கும் முன்மாதிரி, அவளது பள்ளியின் கணித ஆசிரியைதான். அப்பணியிடம் காலியாக இருக்கும் பள்ளியில், சுவரில் ஒட்டப்பட்ட படங்கள் கணக்குச் சொல்லித் தரப்போவதில்லை.

வாசலைத் திறந்தால் என்ன நிகழும்?

வாய்ப்பை அகலப்படுத்தினால் பலன் உண்டா என்ற ஐயத்துக்கு ஐஐடி-க்களின் அனுபவம் விடையளிக்கிறது. 2016-ஆம் ஆண்டு அங்கு இளநிலைப் படிப்புகளில் சேர்ந்தோரில் பெண்கள் சுமார் 8 சதவீதமே. 2018 முதல் மாணவியருக்கெனக் கூடுதல் இடங்கள் உருவாக்கப்பட்டு, 2020-க்குள் அவர்களது பங்கு 20 சதவீதமாக உயர்த்தப்பட்டது. மாணவர்களுக்கான இடங்கள் குறைக்கப்படவில்லை. ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வில் தகுதி பெற்ற மாணவியரே அவ்விடங்களில் சேர்க்கப்பட்டனர். அதாவது, தகுதி பெற்ற பெண்கள் முன்னரும் இருந்தனர். தேர்வுப் பட்டியலுக்கும் வகுப்பறைக்கும் இடையில் எங்கோ அவர்கள் விடுபட்டுப் போயினர்.

பெண்கள் உயிரியலையோ இலக்கியத்தையோ தாமாக விரும்பித் தேர்ந்தெடுப்பதில் என்ன தவறு என்று கேட்கப்படுவதுண்டு. அக்கேள்வி நியாயமானது. அனைவரும் பொறியாளராக வேண்டும் என்பது எவருடைய நோக்கமும் அன்று. வரலாறு படிக்க விரும்பும் பெண்ணைக் கணித வகுப்பில் அமர்த்துவது, கணிதம் விரும்பும் பெண்ணை வெளியேற்றுவதற்கு இணையான பிழையே. ஆயினும், இரு கதவுகளும் திறந்திருக்கும்போது எடுக்கப்படும் முடிவுக்கு மட்டுமே விருப்பம் என்ற பெயர் பொருந்தும். ஒரே வீட்டில் ஒரே மதிப்பெண் பெற்ற அண்ணனுக்கும் தங்கைக்கும் இடையே இவ்வளவு பெரிய வேறுபாடு தொடர்ந்து நிலவும்போது, அதை முழுவதுமாக விருப்பத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது.

செய்ய வேண்டியவை அரிதானவை அல்ல. ஒவ்வொரு வட்டாரத்திலும் மாணவியர் சென்று வரக்கூடிய தொலைவில் கணிதத்துடன் கூடிய அறிவியல் பிரிவு. அதற்கேற்ற நேரத்தில் பேருந்து, இல்லையேல் விடுதி. நிரப்பப்பட்ட கணித ஆசிரியர் பணியிடம். பின்தங்கிய பகுதி மாணவியருக்கான கஸ்தூர்பா காந்தி உறைவிடப் பள்ளிகள் பன்னிரண்டாம் வகுப்பு வரை தரம் உயர்த்தப்படும்போது அவற்றில் அறிவியல் பிரிவுக்கு முன்னுரிமை. பத்தாம் வகுப்பு முடிவுகள் வெளியாகும் வாரத்தில், கணிதத்தில் நன்மதிப்பெண் பெற்ற ஒவ்வொரு மாணவியின் பெற்றோருடனும் தலைமையாசிரியரின் ஒரு சந்திப்பு. இவற்றில் கடைசியானதற்குத் தனி நிதி ஒதுக்கீடு கூடத் தேவையில்லை.

ஐக்கிய நாடுகள் சபையின் அறிவிப்பின்படி ஆண்டுதோறும் பிப்ரவரி 11-ஆம் தேதி அறிவியலில் பெண்கள், சிறுமியருக்கான சர்வதேச தினம் அனுசரிக்கப்படுகிறது. பிப்ரவரி 28-இல் தேசிய அறிவியல் தினம் வருகிறது. கண்காட்சிகளும் உரைகளும் நிகழும் மாதம் அது. ஆனால் மாணவியரின் பாதை உண்மையில் தீர்மானிக்கப்படுவது, பத்தாம் வகுப்பு முடிவுகள் வெளியாகிச் சேர்க்கை விண்ணப்பங்கள் நிரப்பப்படும் கோடை மாதங்களில். ஊக்கமளிக்கும் முயற்சிகள் அந்த மாதங்களில் அவர்களது வீட்டு வாசலைச் சென்றடையுமா என்பதைப் பொறுத்தே, அடுத்த பத்தாண்டுகளின் புள்ளிவிவரங்கள் அமையும்.